ஈஸ்டர் கழிச்சுச் சொல்லுங்கப்பா

கொடைக்கானலில் நடந்த அந்த ஓவிய வகுப்புக்கு நான் போனதே வெயிலுக்குப் பயந்துதான். மே மாதத் திண்டுக்கல்லில் கோட்டைப்பாறை பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அதை ஊருக்குள் ஊத ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக வருடக்கணக்கில் பானையும் வாழைப்பழமும் போடச் சொல்லிக்கொடுத்து எனக்கே வாழைப்பழத்தைப் பார்த்தால் எரிச்சல் வரத் தொடங்கியிருந்தது. மலைக்குப் போனால் குளிராக இருக்கும், கூடவே எதையாவது கற்றுக்கொண்டால் நல்லது என்று போனேன்.

வகுப்பு எடுத்தவர் அங்கேயே நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஒரு வெளிநாட்டு அம்மா. கற்றுக்கொடுத்தது முட்டை டெம்பரா. எண்ணெய் வண்ணம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் கோயில் படங்களை எழுதிய முறை அது. வண்ணப் பொடியை முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்துப் பலகையில் எழுத வேண்டும். எழுத வேண்டிய விஷயத்தையும் அவரே சொன்னார். தரிசன நிலக்காட்சி. கண்ணால் பார்த்த இடத்தை எழுதக் கூடாது. கண்ணை மூடினால் உள்ளே ஒரு நிலம் தெரியும், அதை எழுத வேண்டும்.

எல்லோரும் கண்ணை மூடினோம். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஒளியால் ஆன மலை தெரிந்ததாம். இன்னொருவருக்கு மேல்நோக்கிப் பாயும் அருவி. எனக்கு எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிரியாணிக்கடையின் போர்டு தெரிந்தது. அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் காத்திருங்கள் என்றார். காத்திருந்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வரவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. கடைசிவரை எனக்கு அதற்கு மேல் ஒரு தரிசனமும் கிடைக்கவில்லை.

ஆனால் வேலையைக் கை பிடித்துக்கொண்டது. அதைப் பெருமையாகவே சொல்வேன். ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. பிளைவுட் துண்டில் வஜ்ரப்பசையையும் சீமைச்சுண்ணாம்பு மாவையும் கலந்து வெதுவெதுப்பாகப் பூசுவேன். காய்ந்ததும் மறுபடி பூச்சு, அது காய்ந்ததும் மறுபடி. பிறகு உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆகும்வரை தேய்ப்பேன். அப்புறம் முட்டை. உடைத்து வெள்ளையை வழியவிட்டு, மஞ்சளை இந்த உள்ளங்கைக்கும் அந்த உள்ளங்கைக்குமாக மாற்றி மாற்றி உருட்டினால் ஈரம் போய்விடும். அதன் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியால் குத்தினால் கரு மட்டும் கிண்ணத்தில் வடியும், தோல் விரலிலேயே தங்கிவிடும். முதலில் எத்தனையோ முட்டைகள் கையிலேயே உடைந்து முழங்கை வரை வழிந்தன. வைத்த கோடு வைத்த கையோடு காய்ந்துபோகும் வண்ணம் இது. இழுத்துக் குழைக்க முடியாது. மெல்லிய தூரிகையால் கோட்டின் மேல் கோடாகப் பாய் நெய்கிற மாதிரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கை அகல வானத்துக்கு ஒரு வாரம் ஆகும். அவசரக்காரிக்கு ஏற்ற வேலையே இல்லை. நான் அவசரக்காரி, போதாததற்கு முன்கோபக்காரி. அப்படியும் அது எனக்குப் பிடித்துப்போனது.

எழுத என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. கை இருந்தது, காட்சி இல்லை. கோட்டையை எழுதினேன், அது தீப்பெட்டிப் படம் மாதிரி வந்தது.

வீட்டில் நானும் அப்பாவும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்லறைத் திருநாளுக்கு என்னோடு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார், திரும்பி வருவார், அவ்வளவுதான். நானாகப் பேச்செடுத்தாலும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவர் ரயில்வேயில் சரக்கு வண்டியின் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, பின்னால் போய்க்கொண்டே இருக்கும் வறண்ட சமவெளியைப் பார்த்தபடி கழித்தவர்.

அந்தக் கண்களில்தான் அழுத்த நோய் வந்தது. வந்ததே தெரியாமல் வந்து, பக்கப் பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே போனது. மதுரையில் காட்டினோம். நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார் டாக்டர். அப்பாவுக்கு நடுவில் ஒரு சின்னத் துளை மட்டும் மிச்சம் இருந்தது.

"திண்டுக்கல்காரனுக்குச் சாவித் துவாரம்தான குடுத்து வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், நான் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஈசிசேரில் உட்கார்ந்து எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டில் சிரிப்பு.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராச்சும் சிரிப்பாங்களா?"

"சொன்னா பேய் பிடிச்சிருச்சுன்னு செபக்கூட்டத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவ. போக மாட்டேன்னு சொல்லு, சொல்றேன்."

போக மாட்டேன் என்றேன். அவர் சொன்னார். இடது பக்கம், பார்வை போன இடத்தில், தண்ணீர் நிற்கிறது. திண்டுக்கல்லிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே தண்ணீர். நடுவில் கோட்டைப்பாறை தீவு மாதிரி நிற்கிறது. தண்ணீருக்கு மேலேயே தண்டவாளம் போகிறது, வண்டி இல்லை. இரண்டு பக்கமும் ஊதா நிற மரங்கள். "ஆடுங்க வரிசையாத் தண்ணி மேல நடந்து போகுது தாயி. அய்யலூர்ச் சந்தைக்குப் போறாப்புல, அதுபாட்டுக்குப் போகுது. ஒவ்வொரு ஆட்டு மயிரும் தெரியுது. உன் மூஞ்சி தெரியல, ஆட்டு மயிர் தெரியுது, பாத்துக்க."

பயந்துதான் போனேன். அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். பைத்தியம் எல்லாம் இல்லை, பார்வை குறைந்தவர்கள் சிலருக்கு இப்படி வரும். கண் அனுப்பாத படத்தை மூளை தானாகவே போட்டுக்கொள்ளும். சிலருக்குப் பல வருடம் வரும், சிலருக்குச் சட்டென்று நின்றுவிடும். பேருந்தில் திரும்பி வரும்போது அப்பா தூங்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடைக்கானல் குளிரில் கண்ணை இறுக்கி இறுக்கி மூடியும் எனக்குக் கிடைக்காத நிலம், எங்கள் வீட்டுக் கூடத்தில், பத்தொன்பதாம் நம்பர் டவுன் பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில், அப்பாவுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்தது.

அவர் பார்ப்பதை நான் எழுதுவது என்று முடிவு செய்தோம். பலகை சின்னதாக இருக்க வேண்டும் என்றார் அப்பா. அவருடைய துளை வழியாக அங்குலம் அங்குலமாகப் பார்த்துத்தான் அவரால் சரி சொல்ல முடியும். எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அந்தத் துளை மூடுவதற்குள் படத்தை முடித்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்துவிட்டு, "இதேதான்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தவிர எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதங்களைப் போல் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முட்டை உடைப்பேன். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை அப்பாவுக்கு. வெங்காயமும் மிளகும் போட்டுப் பொரித்துச் சோற்றுக்கு வெஞ்சனமாக வைப்பேன். "மஞ்சக்கருவ மலைக்குக் குடுத்துட்டு வெள்ளைய எனக்குப் போடுற. பெத்தவனவிட மலை பெருசாப் போச்சு" என்று தினமும் சொல்வார், தினமும் தட்டைக் காலி செய்வார். மஞ்சள் கரு வாடைக்கு எறும்பு படையெடுத்து வந்தது. மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திவைத்தேன். அய்யலூர்ப் பக்கத்துச் செம்மண்ணைக் கொண்டுவந்து துணியில் சலித்து, கண்ணாடித் தட்டில் அரைத்துப் பாறைக்கு வண்ணம் செய்தேன்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பலகையை அவர் மடியில் வைப்பேன். மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார்.

"தண்ணி இம்புட்டு நீலமா இல்ல. மோர்ல செத்த நேரம் வானத்த நனைச்சு எடுத்தாப்புல இருக்கும்."

நான் தண்ணீரை மாற்றுவேன். "ஆடு அம்புட்டுக் கொழுப்பா இல்ல, சந்தை ஆடு, நடந்து களைச்ச ஆடு" என்பார். ஆட்டை இளைக்க வைப்பேன். சில நாள் எனக்குக் கோபம் வந்துவிடும். கோட்டின் மேல் கோடாக ஒரு வாரம் போட்டதைச் சுரண்டச் சொன்னால் யாருக்குத்தான் வராது? "ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்லித் தொலைங்கப்பா" என்று கத்தியிருக்கிறேன். "அது வரும்போதுதான சொல்ல முடியும்" என்பார். அதுவும் நியாயம்தான்.

தை முடியும்போது வானமும் பாறையும் மரங்களும் ஆடுகளும் தண்டவாளமும் ஆகியிருந்தன. வலது கீழ் மூலை மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. தண்டவாளம் தண்ணீரை விட்டு ஏறுகிற கரை அது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு அப்பா தயங்கினார்.

"அங்கன இன்னும் தெளிவா வரல. யாரோ நிக்கிறாப்புல இருக்கு. பாத்துச் சொல்றேன், அவசரப்படாத."

அந்த நேரத்தில்தான் மதுரையில் அழுத்தம் மறுபடி ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். துளை இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது. மருந்தை மாற்றினார்கள். டாக்டர் முகத்தில் நம்பிக்கை இல்லை. புத்தியுள்ளவளாக இருந்தால் அன்றிலிருந்து அப்பா பக்கத்தை விட்டு நகராமல் கேட்டுக் கேட்டு அந்த மூலையை முடித்திருப்பேன். நான் கடவுளிடம் பேரம் பேசப் போனேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. தவக்காலத்தில் எங்கள் தெருவில் ஆளுக்கொன்றை விட்டுவிடுவார்கள். ஒருவர் டீ, ஒருவர் டிவி சீரியல், கறி முட்டையை எல்லோருமே. எது நமக்கு மிகவும் பிடித்ததோ அதை விட்டால்தான் நேர்ச்சைக்கு மதிப்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். நெற்றியில் சாம்பலை வாங்கிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு நேர்ந்துகொண்டேன். ஈஸ்டர் வரைக்கும் தூரிகையைத் தொட மாட்டேன், படத்தைப் பற்றி நினைக்கவும் மாட்டேன், அப்பாவுக்கு மிச்சம் இருக்கும் பார்வையை மட்டும் விட்டுவை. நேர்ந்ததை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்பதும் எங்கள் வழக்கம். அதனால் அவரிடமும் சொல்லவில்லை.

பலகையைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் கழித்து அப்பா சாப்பிடும்போது தட்டைத் தடவிப் பார்த்தார்.

"முட்டை வாடையே காணோமே?"

"தவக்காலம்ப்பா."

"திங்கத்தான கூடாது. படம் எழுத என்ன?"

"இருக்கட்டும்ப்பா" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

சிக்கல் என்னவென்றால் அவருக்குக் காட்சி நிற்கவில்லை. காட்சிக்குத் தவக்காலம் தெரியுமா? ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஈசிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏந்தாயி, அந்தக் கரையில..."

அவர் சொன்னால் எனக்குக் கை நமநமக்கும். நினைக்கவும் மாட்டேன் என்று நேர்ந்தவள் ஆயிற்றே. "ஈஸ்டர் கழிச்சுச் சொல்லுங்கப்பா" என்றேன்.

"இல்ல, இன்னைக்குத் தெளிவாத் தெரியுது..."

"ஈஸ்டர் கழிச்சுச் சொல்லுங்கன்றேன்ல?"

என் குரல் அவசியத்துக்கு மேல் உரத்து வந்தது. அவர் "சரி சரி" என்று பின்னால் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகும் ஒரு தடவை ஆரம்பித்தார், அப்போதும் அதையே சொன்னேன். பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சில நாள் உதடு மட்டும் அசையும். நான் பார்த்தும் பார்க்காதது போல அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்படிப் போகும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. எவ்வளவு கஷ்டமான நேர்ச்சையை எடுத்திருக்கிறேன், கடவுள் கேட்காமலா இருப்பார் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்துகிறது.

பங்குனி வெயில் ஏற ஏற அப்பா டம்ளரைத் தேடுவது அதிகமானது. வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டார். சொட்டு மருந்துப் பாட்டில்களில் எது எது என்று நிறத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர், என்னிடம் கேட்க ஆரம்பித்தார். நான் டீயையும் விட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் காலையில் அப்பா எழுந்து, விளக்கைப் போடச் சொன்னார். வெளியே நல்ல வெயில். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். போனது போனதுதான் என்று சொல்லி, ஆறுதலுக்கு என் தோளைத் தட்டி அனுப்பினார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் நான் நடக்கவில்லை. கோபம். கடவுள் மேலா என் மேலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்பாதான் என்னைத் தேற்றினார். வயசான காலத்தில் பார்த்தவரைக்கும் போதும் என்றார்.

அப்படியும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. துளைதானே மூடிவிட்டது, காட்சி பார்வை போன இடத்தில்தானே வந்தது. அது இருக்கும். அவர் சொல்லச் சொல்ல மூலையை முடித்துவிடலாம். அவர் பார்க்க முடியாது, ஆனால் படம் முழுசாகும். ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் பூட்டைத் திறந்து பலகையை எடுத்தேன். முட்டை உடைத்தேன். ஓடு உடைந்த சத்தம் கேட்டு அப்பா தலையைத் திருப்பினார். அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லுங்கப்பா. அந்தக் கரையில என்ன இருக்கு?"

அவர் ஈசிசேரின் கையைத் தடவிப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணும் இல்ல தாயி. அதுவும் போயிருச்சு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"முன்னாடி என்ன தெரிஞ்சுச்சு? அன்னைக்குச் சொல்ல வந்தீங்களே, அது?"

"ஒரு பொம்பள நின்னுச்சு. முதுகு காட்டிக்கிட்டு. திரும்பும் திரும்பும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் திரும்புச்சு."

"யாருப்பா?"

"உங்கம்மா மாதிரிதான் இருந்துச்சு."

அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. என் உள்ளங்கையில் மஞ்சள் கரு அப்படியே இருந்தது. உருட்டவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

"எங்க நின்னாங்க? தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? என்ன சேலை?"

"அன்னைக்குக் கேட்டிருந்தா ஒவ்வொண்ணாச் சொல்லியிருப்பேன். சேலைக் கரை வரைக்கும் தெரிஞ்சுச்சு. நீ கேப்ப, சொல்லுவோம், சொன்னா எழுதுவன்னு மனசுக்குள்ளயே வச்சு வச்சுப் பாத்துக்கிட்டுருந்தேன். இப்பக் கலைஞ்சுபோச்சும்மா."

நேர்ச்சையைப் பற்றி அப்போது சொன்னேன். அழுகையோடு சொன்னேன். அவர் கையை நீட்டினார். என் தலை இருக்கும் இடம் தெரியாமல் முதலில் தோளில் பட்டு, பிறகு தலைக்கு வந்தது. "டீய மட்டும் விட்டிருக்கலாம்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

படம் இப்போதும் கூடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீரையும் ஆடுகளையும் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், பிறகு மூலையைக் காட்டி இதை ஏன் முடிக்கவில்லை என்பார்கள். என் கைக்கு ஒரு பெண்ணை அங்கே நிறுத்துவது பெரிய காரியமில்லை. அம்மாவின் போட்டோ இருக்கிறது, அவள் சேலைகள்கூடப் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் அது நான் நிறுத்திய அம்மாவாகத்தான் இருக்கும். அப்பா பார்த்தவள் இல்லை. ஒரு நாள் அவரிடமே கேட்டேன், வெள்ளையாக விடாமல் தண்ணீரையாவது நீட்டிவிடட்டுமா என்று. "அந்த எடத்த அடச்சிராத" என்றார்.

இந்த வருட விபூதிப் புதனுக்கு நான் எதையும் விடவில்லை. சாம்பல் பூசிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, ஸ்டூலை இழுத்து அப்பா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். தினமும் கேட்பதைத்தான் அன்றும் கேட்டேன்.

"இன்னைக்கு ஏதாச்சும் தெரியுதாப்பா?"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார்.

"ஒண்ணும் தெரியல தாயி" என்றார். "ஆனா நீ கேளு."